பறக்கவிடத் தெரியாமல் வான்படத் தொழில் நடத்தலாமா?

வாசகி எழுதியது:

"என் ஊர் தெல்லிப்பழை. சுன்னாகத்தில் ஒரு ஸ்டூடியோவில் ஏழு வருடமாக அல்பம் வடிவமைப்பும் கலர் திருத்தமும் செய்கிறேன். ஆள் தட்டுப்பாடான நாட்களில் கலியாணவீடுகளுக்குக் கமராவும் தூக்கியிருக்கிறேன். சொந்தமாக ஒரு வான்படத் தொழில் தொடங்க ஆசை. ஆனால் எனக்கு ட்ரோன் பறக்கவிட வராது. பழகிப் பார்த்தேன், கை ஒத்துழைக்கவில்லை. கனடாவில் இருக்கும் அண்ணா அடுத்த முறை வரும்போது ஒன்று கொண்டுவருகிறேன் என்கிறார். வீட்டுக்காரர் கடன் எடுத்தாவது பெரியதாக வாங்கு என்கிறார். பறக்கவிடத் தெரியாத ஒருத்தி இந்தத் தொழிலை நடத்த முடியுமா? அனுமதி எடுப்பது ஒரு பெண்ணுக்குக் கஷ்டமாக இருக்குமா?"

பதில்:

தங்கச்சி, முடியும். ஏழு வருடமாக மற்றவர்கள் எடுத்த படங்களைத் திருத்தி வந்திருக்கிறீர்கள். எந்தப் படம் அல்பத்தில் நிற்கும், எதை வாடிக்கையாளர் புரட்டிவிட்டுப் போவார் என்று உங்களுக்குத் தெரியும். இந்தத் தொழிலுக்கு வருகிற பலரிடம் ட்ரோன் இருக்கிறது, அந்தக் கண் இல்லை. நாங்கள் நடத்துகிற வான்படத் தொழிலிலும் பறக்கவிடுகிறவர் வேறு, படத்தைத் தீர்மானிக்கிறவர் வேறு. இரண்டாவது ஆள் நான். கட்டுப்பாட்டுக் கருவியை நான் தொடுவதே அரிது.

இது புதிய ஏற்பாடும் இல்லை. ட்ரோன் வருவதற்கு முன்பு வெளிநாடுகளில் வான்படம் எடுத்துப் பிழைத்தவர்களில் பலர் விமானிகள் இல்லை. செஸ்னா 172 மாதிரி ஒரு சிறிய விமானத்தை மணிக்கணக்குக்கு வாடகைக்குப் பிடிப்பார்கள். அதன் இறக்கை தலைக்கு மேலே இருப்பதால் கீழே பார்க்க மறைப்புக் குறைவு, பக்க யன்னலையும் திறந்துகொள்ளலாம். விமானி ஓட்டுவார், படக்காரர் "இன்னும் கொஞ்சம் இடது பக்கம் சரியுங்கள்" என்று சொல்லிச் சொல்லி எடுப்பார். தனியார் விமானி உரிமம் மட்டும் வைத்திருப்பவர் கூலிக்குப் பறக்கக்கூடாது, அதற்கு வர்த்தக உரிமம் வேண்டும். அதனால் தொழிலை நடத்துகிறவர் சரியான உரிமம் உள்ள ஆளைத் தேடிப் பிடிக்க வேண்டியிருந்தது. உங்கள் நிலையும் கிட்டத்தட்ட அதுதான். யாழ்ப்பாணத்தில் விமானம் பிடிக்கிற கதை கட்டுபடியாகாது, அதை விடுங்கள். ஆனால் ஆளைப் பிடிக்கிற கதை கட்டுபடியாகும்.

எப்படி என்கிறீர்களா? குடாநாட்டில் கலியாணவீட்டு வீடியோக்காரர் பலரிடம் ட்ரோன் இருக்கிறது. முகூர்த்த நாளில் அவர்களைப் பிடிக்க முடியாது. மற்ற நாட்களில் அந்தச் சாமான் பெட்டிக்குள் கிடக்கிறது. பல லட்சம் போட்டு வாங்கியவருக்கு வார நடுவில் அரை நாள் வேலை கிடைத்தால் சந்தோஷம்தான். ஆடியிலும் மார்கழியிலும் கலியாணம் இல்லை, ஆள் இன்னும் சுலபமாகக் கிடைப்பார். (ஆடியில் ஆள் கிடைத்தாலும் காற்று விடாது. காற்றைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.) கலியாணவீட்டு ட்ரோன் வேலைக்குள் நீங்கள் இறங்க வேண்டாம். அங்கே ஏற்கெனவே ஒருவர் விலையை ஒருவர் வெட்டிக்கொண்டு நிற்கிறார்கள். நாளைக்கு உங்களுக்காகப் பறக்கவிடப் போகிறவர்களோடு இன்றைக்கே போட்டி போடுவானேன்?

இனி அனுமதி. சட்டத்தில் ஆண் பெண் என்று எதுவும் இல்லை. நடைமுறையில், ஒழுங்காகக் கடிதம் எழுதத் தெரிந்தவருக்குத்தான் வேலை நடக்கிறது, அது உங்களால் முடியும் என்பது உங்கள் கடிதத்திலேயே தெரிகிறது. இலங்கையின் வான்பரப்பு 2010ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க சிவில் விமானச் சட்டத்தின் கீழ் வருகிறது. ட்ரோன் பதிவையும் பறப்பு அனுமதியையும் பார்ப்பது சிவில் விமான சேவைகள் அதிகார சபை. பாதுகாப்பு அமைச்சின் இசைவும் வேண்டும். 2019 ஏப்ரல் 21 குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு, அதே வாரத்தில் ட்ரோன்களை முழுவதுமாகத் தடை செய்தார்கள். பின்னர் கட்டுப்பாடுகளோடு திரும்ப அனுமதித்தார்கள். அந்த நாட்களின் எச்சரிக்கை உணர்வு அதிகாரிகளிடம் இன்னும் போகவில்லை. வடக்கில் அது இரண்டு மடங்கு. இதை ஒரு மனக்குறையாக எடுக்காமல் தொழிலின் ஒரு பகுதியாக எடுத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலானவர்கள் இந்தக் காகித வேலைக்குப் பயந்து களவாகப் பறக்கவிடுகிறார்கள். கட்டட நிறுவனமோ விடுதியோ களவாக எடுத்த படத்தை விளம்பரத்தில் போட முடியாது. முறையான காகிதத்தோடு வருகிற ஒருவருக்காக அவர்கள் கூடுதலாகக் காசு கொடுப்பார்கள்.

விண்ணப்பத்தில் எதையும் பொதுவாக எழுதாதீர்கள். "யாழ் மாவட்டத்தில் படப்பிடிப்பு" என்று போட்டால் அது மேசையில் தூங்கும். எந்தக் காணி, அதன் அகலாங்கு நெட்டாங்கு, எந்தத் திகதி, எத்தனை மணியிலிருந்து எத்தனை மணி வரை, எவ்வளவு உயரம், எதற்காக, எந்த ட்ரோன், அதன் தொடர் இலக்கம், பறக்கவிடுகிறவர் யார், அவருடைய அடையாள அட்டை, காணிக்காரரின் சம்மதக் கடிதம் எல்லாம் ஒரே கோப்பில் இருக்க வேண்டும். கூகுள் ஏர்த்தில் அந்த இடத்தைப் பிடித்து, பறக்கப்போகும் எல்லையை ஒரு கோடு போட்டுக் காட்டி இணையுங்கள். பார்க்கிறவருக்கு ஒரே பார்வையில் விளங்கிவிடும். குறைந்தது ஒரு மாதம் முந்தியே அனுப்புங்கள், மாற்றுத் திகதி ஒன்றையும் கேட்டு வையுங்கள். அனுமதி வந்தால் அதில் போட்டிருக்கும் உயரமும் நேரமும்தான் சட்டம். "இன்னும் கொஞ்சம் மேலே போனால் கடல் தெரியும்" என்று வாடிக்கையாளர் கேட்பார். கேட்கட்டும். அன்றைக்குக் காலையிலேயே அந்தப் பகுதிப் பொலிஸ் நிலையத்துக்குப் பிரதி ஒன்றைக் கொடுத்துவிட்டால் பாதித் தலையிடி குறையும்.

உங்கள் ஊரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். தெல்லிப்பழை பலாலி ஓடுபாதைக்கு மிகவும் கிட்ட. 2019 ஒக்டோபரில் பலாலி யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையம் ஆனது. சென்னையில் இருந்து பயணிகள் விமானம் வந்துபோகிறது. ஒரு பக்கம் விமான நிலையம், சுற்றிவர இராணுவப் பகுதிகள், கொஞ்சம் தள்ளிக் காங்கேசன்துறையில் கடற்படை. உங்கள் வீட்டு முற்றத்தில் "சும்மா ஒரு தரம் ஏற்றிப் பார்க்கிறது" கூட வேண்டாம். முகவரி அங்கே இருக்கட்டும், ட்ரோன் வேலையைத் தெற்கே வலிகாமத்தின் மற்றப் பக்கத்திலும் தென்மராட்சியிலும் தேடுங்கள். உங்கள் ஊருக்குள் என்ன செய்யலாம் என்று அடுத்துச் சொல்கிறேன்.

அதற்கு முன் அண்ணாவின் ட்ரோன். 249 கிராம் ட்ரோனுக்கு ஒன்றும் தேவையில்லையாம் என்று அவர் சொல்லியிருப்பார். 250 கிராம் என்பது அமெரிக்கா, ஐரோப்பா போன்ற இடங்களின் விதிகளில் வருகிற எல்லை. அந்த எண்ணை இங்கே கொண்டுவந்து பலாலிக்குப் பக்கத்தில் காட்ட முடியாது. பாதுகாப்பு வலயம் எடை பார்ப்பதில்லை. முன் அனுமதி இல்லாமல் பயணப் பொதிக்குள் ட்ரோனோடு கட்டுநாயக்கவில் இறங்கினால், சுங்கத்தில் அது நிற்க, அவருடைய விடுமுறையில் பாதி கொழும்பில் அலைவதில் போகும். ட்ரோன் வானொலி அலையில் வேலை செய்கிற சாமான், அதனால் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவும் இதற்குள் வருகிறது. அண்ணாவிடம் வேறொன்று கேளுங்கள்: எட்டு மீற்றர் வரை நீளும் கார்பன் அல்லது கண்ணாடி நார்க் கம்பம், உச்சியில் கமராவைச் சரித்துப் பூட்டுகிற தலை. ட்ரோனை விடக் காசு குறைவு, சுங்கத்திலும் பிரச்சினை இல்லை.

ஏன் கம்பம் என்கிறேன் என்றால், நிலத்திலிருந்து ஆறு முதல் பத்து மீற்றர் வரையான உயரம்தான் வீட்டுப் படத்துக்குத் தங்கமான உயரம். ட்ரோன்காரர்கள் அதைத் தாண்டி ஒரேயடியாக ஐம்பது மீற்றருக்கு ஏறிவிடுகிறார்கள். அங்கேயிருந்து பார்த்தால் வீடு வெறும் கூரை. வாசல் எங்கே, திண்ணை எங்கே, முன்னுக்கு நிற்கிற மா மரம் எது என்று ஒன்றும் தெரியாது. எட்டு மீற்றரில் மதிலுக்கு மேலால் பார்வை போகிறது. முற்றம், போர்ட்டிக்கோ, கூரையின் சரிவு, பின்வளவுத் தென்னைகள் எல்லாம் ஒரே படத்துக்குள் வரும், வீட்டுக்கு முகமும் இருக்கும். நாற்சார் வீடு என்றால் சொல்லவே வேண்டாம். அதன் நடுமுற்றத்தை அந்த உயரத்தில் இருந்து சரிவாகப் பார்ப்பதற்கு ஈடு கிடையாது.

கணக்காகவும் பார்க்கலாம். சாதாரண சிறிய ட்ரோனின் 12 மெகாபிக்சல் படத்தில், 60 மீற்றர் உயரத்தில் நிலத்தின் ஏறத்தாழ இரண்டு சென்ரிமீற்றருக்கு ஒரு பிக்சல். ஒரு மனித முகம் எட்டுப் பிக்சலுக்குள் அடங்கிவிடும். 24 மெகாபிக்சல் கமராவை அகல லென்ஸோடு கம்பத்தில் ஏற்றினால், 15 மீற்றர் தூரத்தில் நிற்பவரின் முகத்துக்கு 40 பிக்சலுக்கு மேல் கிடைக்கும். பள்ளிக்கூடப் பழைய மாணவர் ஒன்றுகூடல், குடும்பம் முழுவதும் முற்றத்தில் நிற்கிற படம், கும்பாபிஷேகத்துக்கு வந்த சனம் எல்லாவற்றிலும் ஆட்கள் தேடுவது தங்கள் முகத்தைத்தான். ட்ரோன் படத்தில் அது புள்ளி.

கம்பத்துக்கு விமான அனுமதி இல்லை, பற்றரிக் கணக்கு இல்லை, காகம் வந்து கொத்தாது. கமராவின் படத்தைப் போனில் வைபை வழியாகப் பார்த்துக்கொண்டு நீங்களே எடுக்கலாம். கை நடுக்கம் இருந்தாலும் ஷட்டரை 1/500க்கு மேல் வைத்தால் போதும். தெல்லிப்பழைக்குள்ளும் கமரா முகாம்களின் பக்கம் திரும்பாத வரைக்கும் இந்த வேலையைச் செய்யலாம். ஆபத்து ஒன்றே ஒன்று, ஆனால் அது உயிர் போகிற ஆபத்து: மின்கம்பி. எங்கள் ஒழுங்கைகளில் கம்பி தாழ்வாகத் தொங்குகிறது, வீட்டுக்கு இழுத்த லைன் இன்னும் தாழ்வு. அலுமினியமும் கார்பனும் மின்சாரத்தைக் கடத்தும். முடிந்தால் கண்ணாடி நார்க் கம்பமே எடுங்கள், எடுத்தாலும் அதை நம்பாதீர்கள். கம்பத்தை நீட்ட முதல் அண்ணாந்து பார்த்து, கம்பம் எந்தப் பக்கம் விழுந்தாலும் கம்பியில் படாத இடத்தில் மட்டும் நில்லுங்கள். மழை ஈரத்தில் வேண்டவே வேண்டாம். நீட்டிய கம்பத்தோடு நடக்கவும் கூடாது. கூட ஒருவர் எப்போதும் வேண்டும், அவருடைய வேலை மேலே பார்ப்பது மட்டும்.

எட்டு மீற்றர் போதாத இடத்தில் மாடிகளைத் தேடுங்கள். தேர்முட்டி, கோயிலுக்கு முன்னால் உள்ள மடம், தண்ணீர்த் தாங்கி, இரண்டு மாடிக் கடை. மாடியில் நின்று கம்பத்தை உயர்த்தினால் பதினைந்து மீற்றர் வந்துவிடும். கோபுரத்தை அதன் பாதி உயரத்தில் இருந்து எடுக்கும்போதுதான் கோடுகள் சரியாமல் நிமிர்ந்து நிற்கும். திருவிழாக் கூட்டத்துக்கு மேலே ட்ரோன் ஏற்றுவதற்கு ஒருபோதும் ஒத்துக்கொள்ளாதீர்கள். சுழலி ஒன்று நின்றால் அது தேரடியில் நிற்கிற சனத்தின் தலையில்தான் விழும். நல்லூரின் 25 நாள் திருவிழாவில் அந்த யோசனையே கூடாது. வேறு கோயில்களிலும், மூலஸ்தானத்துக்கு நேர் மேலே எதுவும் பறப்பதை விரும்பாத தர்மகர்த்தாக்கள் இருக்கிறார்கள். முன்கூட்டியே கேட்டு, அந்த வட்டத்தை விட்டுத் திட்டம் போடுங்கள்.

வல்வெட்டித்துறைக்காரர் யாராவது பட்டத்தில் கமரா கட்டலாமே என்று கேட்பார்கள். கேள்வி நியாயமானது. தைப்பொங்கலுக்கு அவர்கள் ஏற்றுகிற பட்டங்களைப் பார்த்தவர்களுக்கு அது தூக்காத பாரம் இல்லை என்று தெரியும். 1888இல் பிரான்சில் ஆர்தர் பட்யூ என்பவர் பட்டத்தில் கட்டிய கமராவால் நிலத்தைப் படம் பிடித்தார். 1906 நிலநடுக்கத்தில் சிதைந்த சான் பிரான்சிஸ்கோவை ஜோர்ஜ் லோரன்ஸ் எடுத்த புகழ்பெற்ற படமும் பட்டங்கள் தூக்கிய கமராவில் எடுத்ததுதான். அந்தக் கமரா இருபது கிலோவுக்கு மேல். ஆனால் காற்று சொல்கிற இடத்துக்குத்தான் பட்டம் போகும், வாடிக்கையாளர் சொல்கிற இடத்துக்குப் போகாது. ஓடுபாதைக்குப் பக்கத்தில் பட்டமும் ஆபத்துத்தான். விருப்பத்துக்குச் செய்யுங்கள், விலைப்பட்டியலில் போடாதீர்கள்.

வெளிச்சத்தைப் பற்றி உங்களுக்குப் பெரிதாகச் சொல்லத் தேவையில்லை. ஆனால் மேலிருந்து பார்க்கும்போது ஒரு வித்தியாசம் இருக்கிறது. நிலத்தில் நிற்கும்போது நிழல் தொந்தரவு, மேலே போனால் நிழல்தான் உருவம் தருகிறது. யாழ்ப்பாணம் ஏறத்தாழ 9.7 பாகை வடக்கில் இருக்கிறது. சித்திரைப் புத்தாண்டை ஒட்டியும் ஓகஸ்ட் கடைசியிலும் நண்பகல் சூரியன் சரியாக உச்சந்தலைக்கு மேல். அந்த நேரத்தில் எடுத்தால் பனை மரம் ஒரு பச்சை வட்டம், கிணறு ஒரு கறுப்பு வட்டம், வேறொன்றும் இல்லை. காலை எட்டரைக்கு முன், பின்னேரம் நாலரைக்குப் பின் என்று வைத்துக்கொள்ளுங்கள். கோயில்கள் பெரும்பாலும் கிழக்குப் பார்த்தவை, அவற்றுக்குக் காலைதான். யாழ்ப்பாணக் கோட்டை மாதிரி இடத்துக்கு மட்டும் விதிவிலக்கு. ஐந்து மூலை நட்சத்திர வடிவம் நேர் மேலிருந்து பார்த்தால்தான் விளங்கும், ஆனால் அகழியிலும் மதிலிலும் கொஞ்சம் நிழல் விழ வேண்டும். பின்னேர வெயிலில் எடுத்துப் பாருங்கள். அங்கேயும் அனுமதி இல்லாமல் முடியாது, அது தொல்லியல் திணைக்களத்தின் பொறுப்பில் உள்ள இடம்.

காற்றைப் பற்றிப் பிறகு சொல்கிறேன் என்றேன். சிறிய ட்ரோன்கள் பலவற்றின் கையேட்டில் செக்கனுக்கு 10.7 மீற்றர் காற்று வரை தாங்கும் என்று போட்டிருக்கும். அது மணிக்கு 38 கிலோமீற்றருக்குக் கொஞ்சம் மேல். வைகாசியில் இருந்து புரட்டாதி வரை சோளகம் (தென்மேற்குக் காற்று) வீசுகிற காலத்தில், பனை உயரத்துக்கு மேலே பல நாட்களில் காற்று அதற்குக் கிட்ட வரும். வளவுக்குள் நிற்கிற உங்களுக்கு அது தெரியாது, ஏனென்றால் கீழே வேலியும் மரமும் மறைக்கிறது. பனை முப்பது மீற்றர் வரை வளரும், அதன் தலையைப் பாருங்கள்: ஓலை ஒரு பக்கமாகவே படிந்து நின்றால் அன்றைக்கு வேண்டாம். தீவுப் பக்கமும் தொண்டைமானாற்றுப் பக்கமும் இன்னொரு சிக்கல். போகும்போது காற்று பின்னாலிருந்து தள்ளும், நீரேரிக்கு மேலே வெகுதூரம் சுகமாகப் போய்விடும். திரும்பும்போது எதிர்க்காற்றில் பற்றரி பாதி வழியில் தீரும். முதலில் காற்றுக்கு எதிரே போகச் சொல்லுங்கள். பறக்கவிடுகிறவருக்கு இது தெரிந்திருக்கும். ஆனால் "இன்னும் கொஞ்சம் போங்கள்" என்று ஆசைப்பட்டுக் கேட்கிற வாய் உங்களுடையது, அதனால் உங்களுக்கும் தெரிய வேண்டும். மாசி, பங்குனி காலைகள்தான் எங்களுக்கு நல்ல காலம். மழை முடிந்திருக்கும், காற்றும் அடங்கியிருக்கும்.

கீழே இருக்கிற சனத்தைப் பற்றி. எங்கள் வளவுகளில் கிணற்றடி திறந்த வெளியில் இருக்கிறது. மதில் தெருவுக்குத்தான் மறைப்பு, வானத்துக்கு இல்லை. ஒரு வீட்டைப் படம் எடுக்க ஏற்றினால் நான்கு வீட்டுக் கிணற்றடி தெரியும். முதல் நாளே அயல் வீடுகளுக்குப் போய் இன்ன நேரம், இவ்வளவு நேரம், இந்த வீட்டை மட்டும் என்று சொல்லுங்கள், படம் எடுத்ததும் திரையில் காட்டுங்கள். இந்த வேலையைப் பெண் செய்யும்போது கதவு சுலபமாகத் திறக்கிறது. இன்னொன்று, இது போர்க் காலத்தில் தலைக்கு மேல் "வண்டு" (ஆளில்லா வேவு விமானம்) சுற்றிய சத்தத்தைக் கேட்டு, அடுத்து என்ன வரும் என்று காத்திருந்த சனம். வயது போனவர்கள் ட்ரோன் சத்தத்துக்கு எழும்பி உள்ளே ஓடுவதைப் பார்த்திருக்கிறேன். முன்னறிவித்தல் இல்லாமல் ஒரு முறை அப்படி நடந்தால், அந்த ஒழுங்கையில் உங்களுக்கு இரண்டாவது வேலை இல்லை.

சரி, யாருக்கு விற்பது? என் கணிப்பில் உங்கள் முதல் வாடிக்கையாளர்கள் இங்கே இல்லை. ரொறன்ரோவிலும் லண்டனிலும் பாரிசிலும் இருக்கிறார்கள். ஊரில் வீடு கட்டுவிக்கிற ஒருவருக்கு மேசன் வட்ஸ்அப்பில் அனுப்புகிற படத்தில் ஒன்றும் விளங்காது. மாதம் ஒரு முறை, ஒரே நான்கு மூலையில் இருந்து, ஒரே உயரத்தில், கம்பத்தில் எடுத்த படங்களை அனுப்புங்கள். அத்திவாரம், சுவர், பெல்ட், கூரை என்று அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் காசு எங்கே போகிறது என்று அவருக்குத் தெரியும். ஒரு வீடு முடிய ஒரு வருடம் என்றால் பன்னிரண்டு மாதத்துக்கு நிரந்தர வேலை. பூட்டிக் கிடக்கிற வீடுகள், ஆள் இல்லாத தோட்டக் காணிகள், கூரை ஓடு, சோலர் தகடு பார்க்கிற வேலையும் இதே வகைதான். கூகுள் ஏர்த்தில் சும்மா பார்க்கலாமே என்பார்கள். அது எப்போதோ எடுத்த படம், நேர் மேலிருந்து எடுத்தது, நேற்று வேலிக்கதியால் வெட்டினது அதில் தெரியாது. அப்புறம் விடுதிகள். நெடுந்தீவு, காரைநகர்ப் பக்கம் தங்குமிடம் நடத்துகிறவர்களுக்குக் கடலும் கட்டடமும் ஒன்றாக வருகிற படம் வேண்டும். நெடுந்தீவின் பவளக்கல் வேலிகள் மேலிருந்து பார்க்க அவ்வளவு அழகு. அது ட்ரோன் வேலை, அதற்கு ஆள் பிடியுங்கள்.

காணி வேலையில் ஒரு கோட்டைத் தாண்டாதீர்கள். "எங்கட பத்துப் பரப்பில் பக்கத்து வீட்டுக்காரன் எவ்வளவு உள்ளே வந்திட்டான் என்று படத்தில் காட்டுங்கோ" என்று கட்டாயம் கேட்பார்கள். அளந்து எல்லை சொல்வது உரிமம் பெற்ற நில அளவையாளரின் வேலை, 2002ஆம் ஆண்டின் 17ஆம் இலக்க நில அளவைச் சட்டம் அவர்களுக்குத்தான் அந்த இடத்தைக் கொடுக்கிறது. உங்கள் படத்தின் மேல் கோடு கீறி "இதுதான் எல்லை" என்று எழுதிக் கொடுத்தால், ஒரு நாள் அந்தக் காகிதத்தோடு நீங்கள் மல்லாகம் நீதிமன்றத்தில் நிற்பீர்கள். படத்தைக் கொடுங்கள், கோட்டைக் கொடுக்காதீர்கள்.

கடன் எடுக்க வேண்டாம் என்பது இதற்குள் விளங்கியிருக்கும். முதல் வருடம் கம்பம், உங்களிடம் இருக்கிற அல்லது பழசாக வாங்குகிற ஒரு கமரா, பிரதேச செயலகத்தில் வியாபாரப் பெயர்ப் பதிவு, ஒரு தனி வங்கிக் கணக்கு. இவ்வளவும் போதும். மாதத்துக்கு நான்கு ஐந்து ட்ரோன் வேலை ஒழுங்காக வந்து, கொடுக்கிற கூலி கடன் தவணையைத் தாண்டும்போது வாங்குவதைப் பற்றி யோசிக்கலாம். அப்போதும் பறக்கவிட ஒருவரைச் சம்பளத்துக்கு எடுப்பதுதான் உங்களுக்குச் சரி.

பறக்கவிடுகிறவரோடு வாய்ப்பேச்சு வேண்டாம், ஒரு பக்கக் கடிதம் எழுதுங்கள். அவருடைய ட்ரோன் பதிவும் அனுமதியும் அவர் பெயரில் செல்லுபடியாக இருக்க வேண்டும், பிரதி உங்களிடம் இருக்க வேண்டும். ட்ரோன் விழுந்தால் ட்ரோன் சேதம் அவருடையது, மற்றவர் சொத்துக்குச் சேதம் என்றால் யார் கொடுப்பது என்று எழுதுங்கள், மூன்றாம் தரப்புக் காப்புறுதி எடுத்தவரையே தேடுங்கள். மெமரி கார்ட் உங்களுடையது, வேலை முடிந்ததும் உங்கள் கைக்கு வர வேண்டும், உங்கள் வாடிக்கையாளரின் வீட்டுப் படத்தை அவர் தன் இணையப் பக்கத்தில் போடக்கூடாது. பாதுகாப்பு இல்லை என்று அவர் சொன்னால் பறப்பு நிற்கும், அதில் நீங்களோ வாடிக்கையாளரோ தலையிட முடியாது. இந்த வரியைக் கட்டாயம் போடுங்கள். நல்ல ஆட்கள் உங்களோடு வேலை செய்ய விரும்புவது இதனால்தான்.

விலை சொல்லும்போது பலர் பறந்த நிமிடத்துக்குக் கணக்குப் பார்க்கிறார்கள். பற்றரி ஒன்று அரை மணித்தியாலம் போலத்தான் நிற்கும், அதை வைத்து விலை சொன்னால் பட்டினிதான். வாடிக்கையாளர் 100 ரூபாய் தருகிறார் என்றால் அதில் 40 பறக்கவிடுகிறவருக்கும் போக்குவரத்துக்கும் போகும், 20 அனுமதிக்காக நீங்கள் செலவிட்ட நாட்களுக்கு, 25 திருத்த வேலைக்கு, மிச்சம் 15தான் இலாபமும் உடைவுக்கு ஒதுக்குவதும். இந்தப் பங்குகள் வேலைக்கு வேலை மாறும். ஆனால் அனுமதிக்கு ஒரு பங்கு போடாமல் விலை சொல்லவே கூடாது. விண்ணப்பம் அனுப்ப முதல் மூன்றிலொரு பங்கு முற்பணம் வாங்குங்கள். அனுமதி மறுக்கப்பட்டால் உங்கள் காகித வேலைக்கானதை எடுத்துக்கொண்டு மிச்சத்தைத் திருப்பிக் கொடுப்பதாக எழுதுங்கள். காற்றாலோ மழையாலோ நின்றால் மாற்றுத் திகதிக்கு மேலதிகக் காசு இல்லை, ஆனால் ஆள் வந்து காத்திருந்த நாளின் கூலி வாடிக்கையாளருடையது. இதை உறவுக்காரருக்கும் எழுதிக் கொடுங்கள், முதலில் அண்ணாவின் வீட்டு வேலை வந்தால் அவருக்கும்.